சாந்திநிகேதனில் ஐந்து நாள்

“உங்க பெரியவ என்ன படிக்கிறா?” என்று யாராவது கேட்டால் போதும், எனக்கு வாய் குழறும். சின்னவனைப் பற்றிக் கேட்டால் “பி.காம். ரெண்டாம் வருஷம்” என்பேன். கேட்டவர்களும் “அப்படியா” என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பெரியவள் விஷயம் அப்படியில்லை. “எம்.எஃப்.ஏ.” என்றால் “எம்.பி.ஏ.வா?” என்பார்கள். “இல்லைங்க, படம் வரையறது, அதைக் கல்லுல அச்சுப் போடறது” என்றால், “அதான் மெட்ராஸ்ல நாலு வருஷம் படிச்சுதே! அதுக்கு மேல ரெண்டு வருஷம் படிக்க அதுல என்ன இருக்கு?” என்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கே பதில் தெரியாதே!

போன ஐப்பசியில் திருச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், பையனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. தை மாதமே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். “இன்னும் ஆறு மாசப் படிப்பு பாக்கி இருக்கே” என்று நான் இழுத்தபோது, பையனின் அம்மா வெகு சாதாரணமாக, “படம் வரையறதுதானே? கல்யாணத்துக்கப்புறம் வீட்ல உக்காந்து வரையட்டுமே. நாங்க என்ன வேணாம்னா சொல்லப் போறோம்?” என்றார். என் வீட்டுக்காரருக்கும் அது சரியென்றே பட்டது. மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேனே, எனக்கும்தான். போனில் பேசினால் அவள் அழுவாள், நேரிலேயே போய்ப் பக்குவமாகச் சொல்லி அழைத்து வந்துவிடலாம் என்று கிளம்பினேன். கைப்பையில் பையனின் ஜாதகமும் போட்டோவும். பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு டப்பா முறுக்கு. துணைக்கு என் தம்பி.

மன்னார்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஹௌரா மெயில். ஹௌராவில் குளித்துவிட்டு மறுபடி ரயில் பிடித்தால் நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் போல்பூர் ஸ்டேஷன். அங்கிருந்து ‘டோட்டோ’ என்கிற பாட்டரி ரிக்‌ஷாவில் சாந்திநிகேதன் கொஞ்ச தூரம்தான். மண் எல்லாம் ஒரே சிவப்பு, நம் புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்பூராங்கல் பூமி மாதிரி. நடுநடுவே பனைமரங்கள். “என்னக்கா, நம்ம ஊர்ப் பக்கமே திரும்பி வந்துட்டோமா?” என்று தம்பி கேட்டான்.

தாகூரின் தகப்பனார் தேவேந்திரநாத் 1863ல் தியானம் செய்ய ஓர் இடம் வேண்டுமென்று இங்கே நிலம் வாங்கினாராம். தாகூர் 1901ல் பள்ளிக்கூடம் வைத்தார். 1919ல் சித்திரம், சிற்பத்துக்கென்று கலா பவனம் வந்தது. 2023ல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாங்கள் போனபோது கார்த்திகை மாதம். காலையில் பனி. நான் ஸ்வெட்டர் எடுத்துப் போகவில்லை. மகளுடையதைப் போட்டுக்கொண்டேன். அதில் ஒரே மை வாடை!

காலேஜ் என்றால் நீளமான கட்டடம், வரிசையாக வகுப்பு, மணி அடிக்கிற பியூன் என்றுதான் நினைத்திருந்தேன். கலா பவனத்தில் மரங்களுக்கு நடுவே அங்கங்கே சின்னச் சின்னக் கட்டடங்கள். ஒரு வீடு முழுக்கக் கறுப்பு. மண்சுவர் வைத்து, அதில் உருவங்களைப் புடைப்பாக எழுப்பி, மேலே தார் பூசியிருக்கிறார்கள். 1930களில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கட்டியதாம். மூத்த மாணவர்கள் தங்குகிற விடுதியாகவே அது இருந்து வந்திருக்கிறது.

இன்னொரு பக்கம் ஒரு பெரிய கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் மிருகங்களும் மனிதர்களும். வரைந்தவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். பிறகு 1944ல் இங்கே சித்திரம் படிக்க வந்து சேர்ந்தாராம். பொருளாதாரத்தை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்றால் அந்தக் காலத்தில் அவர் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு யோசனை ஓடியது.

எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தி வைத்தது ஒரு சிமெண்ட் சிலைதான். ராம்கிங்கர் பைஜ் 1956ல் செய்தது. மில் சங்கு ஊதிவிட்டது. இரண்டு பெண்கள் அவசரமாக ஓடுகிறார்கள், பின்னால் ஒரு குழந்தை. ஈரப் புடவை காற்றில் பறக்கிறது. ஓடுகிற ஓட்டத்திலேயே அதை உலர்த்திக்கொண்டு போகிறார்களாம்! குளித்துக் கரையேறி, துணி காய நேரமில்லாமல் வேலைக்கு ஓடுகிறவளை இந்த மனுஷர் எங்கேயோ நின்று கவனித்திருக்கிறார் பாருங்கள். பக்கத்திலேயே 1938ல் செய்த சந்தால் குடும்பம். புருஷன் தோளில் காவடி, ஒரு பக்கக் கூடையில் குழந்தை. பெண்டாட்டி தலையில் சுமை, கூடவே நாய். பளிங்கு இல்லை, வெண்கலம் இல்லை. சிமெண்டும் அந்த ஊர்ச் சிவப்புச் சரளையும்தான்.

“சரிடி, உன் டைம்டேபிளைக் காட்டு” என்றேன். மகள் சிரித்தாள்.

“பி.எஃப்.ஏ.லதாம்மா அதெல்லாம். பானையை வரை, ஆளை உக்கார வச்சு வரை, இந்தச் சாயம் இப்படிக் கலக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. இங்க யாரும் ‘இதைச் செய்’னு சொல்ல மாட்டாங்க.”

“அப்ப வாத்தியார் எதுக்கு?”

“நான் செஞ்சதை ஏன் செஞ்சேன்னு கேக்கறதுக்கு.”

எனக்குப் புரியவில்லை. ஒன்றும் சொல்லித் தராமல் கேள்வி மட்டும் கேட்பதற்கா இத்தனை தூரம்? அவள் பொறுமையாக விளக்கினாள். எம்.எஃப்.ஏ. இரண்டு வருஷம். உள்ளே வருவதற்கே தான் செய்த வேலைகளையெல்லாம் கட்டாகக் கொண்டுபோய்க் காட்டி நேர்முகத்தில் பதில் சொல்ல வேண்டும். ஓவியம், சிற்பம், அச்சுப்படம், நெசவு, மண்பாண்டம் என்று அவரவர்க்கு ஒரு துறை. கலை வரலாறு படித்துப் பரீட்சை எழுத வேண்டும். நம் அஜந்தா, சோழர் காலத்திலிருந்து ஜப்பான், ஐரோப்பா வரை அதில் வரும். தன் வேலையைப் பற்றித் தானே ஒரு சின்னப் புத்தகம் போல எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வப்போது செய்ததையெல்லாம் சுவரில் மாட்டினால் ஆசிரியர்களும் கூடப் படிக்கிறவர்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள். கடைசியில் பெரிய கண்காட்சி, வெளியூரிலிருந்து வரும் பரீட்சகர் முன்னால் வாய்மொழித் தேர்வு.

“இதுக்கு நடுவுல தினமும் என்ன செய்வே?”

“கல்லு தேய்ப்பேன்” என்றாள்.

கல் என்று அவள் சொன்னதை மறுநாள்தான் பார்த்தேன். அரை அடி உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த வழவழப்பான சுண்ணாம்புக் கற்கள். ஜெர்மனியில் கிடைக்கிற ஜாதிக் கல். இதில் எண்ணெய்ப் பசையுள்ள கட்டியால் படம் வரைய வேண்டும். வரைந்ததும் பிசினில் நாலைந்து சொட்டு ஆசிட் கலந்து மேலே பூசி வைக்க வேண்டும். பிறகு கல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மை உருளையை ஓட்டினால், எண்ணெயும் தண்ணீரும் சேராது அல்லவா, வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கிறது, ஈரமான இடத்தில் ஒட்டுவதில்லை. காகிதத்தை வைத்து மெஷினில் அழுத்தி எடுத்தால் படம். நாம் சமையலறையில் தினம் பார்க்கிற சங்கதிதான்!

இதைக் கண்டுபிடித்த கதை இன்னும் வேடிக்கை. ஜெர்மனியில் செனஃபெல்டர் என்று ஒருவர். 1796ல் ஒரு நாள் சலவைக்குப் போடும் துணிக் கணக்கை எழுதச் சொல்லி அம்மா கூப்பிட்டிருக்கிறார். சலவைக்காரி வாசலில் நிற்கிறாள், கையில் காகிதம் இல்லை. பக்கத்தில் கிடந்த கல்லில் மெழுகு மையால் எழுதி வைத்தாராம். அப்புறம் அந்த எழுத்தை அச்செடுக்க முடியுமா என்று பார்க்கப் போய், இரண்டு வருஷத்தில் இந்த வித்தை பிறந்தது. அந்த அம்மா அன்றைக்குத் துணிக் கணக்கு கேட்காமல் இருந்திருந்தால்?

துத்தநாகத் தகட்டிலும் செய்கிறார்கள். தகட்டின் மேல் மெழுகும் கீலும் கலந்த பூச்சு, அதை ஊசியால் கீறிப் படம். பிறகு நைட்ரிக் ஆசிட் கரைசலில் போட்டால் கீறின இடத்தை மட்டும் ஆசிட் அரிக்கும். ஆசிட் என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெடிப்பு. “ஆசிட் இல்லம்மா, மையைக் கழுவக் கெரசின் போட்டுப் போட்டு இப்படி ஆயிடுச்சு. இப்ப முதல்ல சமையல் எண்ணெயைத் தடவித் துடைச்சுட்டு, அப்புறம்தான் சோப்பு போடறேன்” என்றாள். கையுறை இல்லாமல் ஆசிடைத் தொடுவதில்லை, ஜன்னல் திறக்காமல் கலக்குவதில்லை, சாப்பாட்டுத் தட்டை அந்த அறைக்குள் கொண்டுபோவதில்லை என்று வரிசையாகச் சொன்னாள். ஒரு விஷயம் நமக்கும் உதவும். ஆசிடைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் ஊற்ற வேண்டுமாம், தண்ணீரை ஆசிடில் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். ராத்திரி அவள் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். கைப்பையிலிருந்த ஜாதகத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நாளைக்கு அவளுக்குச் சுவரில் மாட்டுகிற நாள். “நீயும் வாம்மா, ஒரு ஓரமா உக்காந்துக்கோ” என்றாள்.

போய் உட்கார்ந்தேன். ஆறு படங்கள். முதல் படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுப் பின்கட்டு ரூம்! என் மாமியார் மூன்று வருஷம் படுத்திருந்த கட்டில். ஜன்னல் கம்பியில் கட்டிய புடவைக் கிழிசல் கயிறு. அவர் தானே எழுந்து உட்கார அதைத்தான் பிடித்துக்கொள்வார். நான்தான் கட்டினேன். அடுத்த படத்தில் மூக்கு வைத்த கஞ்சி டம்ளர், மடித்து வைத்த பழந்துணிகள். ஆளே இல்லை எந்தப் படத்திலும். எங்கேயும் ஒரு முகம் கூட வரையவில்லை.

சுற்றி இருந்தவர்கள் இங்கிலீஷும் பெங்காலியும் ஹிந்தியுமாகக் கேட்டார்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஜன்னலைக் காட்டி ‘இது என்ன கயிறு’ என்று ஒருவர் கேட்க, இவள் சொன்னாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் ஆசிரியை, வயதானவர், கடைசிப் படத்தின் முன்னால் போய் நின்று ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். அவர் திரும்பக் கேட்டார். இவள் பேசாமல் நின்றாள். முகம் சுண்டிவிட்டது. எழுந்து போய், “என் பிள்ளையை விடுங்கம்மா” என்று சொல்லலாமா என்றிருந்தது எனக்கு.

வெளியே வந்ததும் இரண்டு கோபம் எனக்கு. “அந்தம்மா என்னடி சொன்னாங்க?” என்றேன் முதலில்.

“அஞ்சு படம் சரியாம். ஆறாவது, நல்லா வருதேன்னு திரும்பப் போட்டதாம். புதுசா எதையும் பாக்காம கை பழக்கத்துல வரைஞ்சிருக்கேனாம். அவங்க சொன்னது சரிதாம்மா. எனக்கே தெரியும். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

இரண்டாவது கோபத்தை அடக்க முடியவில்லை. “வீட்டுக்குள்ள நடந்ததை ஏண்டி ஊர் பாக்க மாட்டி வச்சிருக்கே? அப்பாயி இதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க?”

அவள் உடனே பதில் சொல்லவில்லை. “பிளஸ் டூ பரீட்சைக்கு நான் அந்த ரூம்லதாம்மா படிச்சேன். ராத்திரி நீ வந்து அப்பாயியைத் திருப்பிப் போட்டுட்டுப் போவே. எனக்கு நல்லாத் தெரிஞ்ச இடம்னா அது ஒண்ணுதான். வேற எதை வரைஞ்சாலும் இங்க மாட்டிக்குவேன்” என்றாள்.

அன்று சாயங்காலம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சோம்நாத் ஹோர் என்பவர் செய்தது. இந்த அச்சுப்படத் துறைக்குத் தலைவராக இருந்தவர், 2006ல் காலமாகிவிட்டார். 1943 வங்காளப் பஞ்சத்தை நேரில் பார்த்து வரைந்தவராம். 1970களில் அவர் செய்த படங்களில் மையே கிடையாது. வெள்ளைக் காகிதக் கூழ், அதில் வெள்ளையாகவே கீறல், குழி, வெடிப்பு. ‘காயங்கள்’ என்று பேர். படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை அவள் அந்த ஆறாவது படத்தின் கல்லைத் தேய்க்க ஆரம்பித்தாள். வரைந்தது கல்லிலேயே இருக்குமாம். தேய்த்து அழித்தால்தான் அடுத்த படம் வரைய முடியும். “எத்தனை நாள் வரைஞ்சே?” என்றேன். “பதினோரு நாள்.” எனக்கு மனசே கேட்கவில்லை. “நல்லாத்தானேடி இருந்துது!” என்றால், “நல்லாத்தான் இருந்துது” என்கிறாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

கல்லின் மேல் தண்ணீர் தெளித்து, கார்போரண்டம் என்ற கறுப்புப் பொடியைத் தூவி (சாணைக்கல் செய்கிறார்களே, அந்தச் சரக்குதான்), மேலே இன்னொரு கல்லை வைத்து எட்டுப் போடுகிற மாதிரி வளைத்து வளைத்துத் தேய்க்க வேண்டும். முதலில் ரவை போலக் கரகரப்பான பொடி, கழுவிவிட்டு அதைவிட நைசு, மறுபடி கழுவிவிட்டு மாவு போல நைசு. கழுவும்போது முதல் பொடியில் ஒரு மணி தங்கிவிட்டாலும் கல்லில் கீறல் விழும், மறுபடி முதலிலிருந்து. நடுவில் குழியாமல் எல்லாப் பக்கமும் ஒரே சமமாகத் தேய வேண்டும். கால் மணி நேரத்தில் அவளுக்குத் தோள் வலி வந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை வைத்து அழுத்துகிறாள், உடம்பை வைத்து அழுத்தவில்லை. “தள்ளுடி” என்று முந்தானையைச் சொருகிக்கொண்டு நின்றேன்.

இருபது வருஷம் ஆட்டுக்கல்லில் மாவாட்டினவள் நான். கிரைண்டர் வந்தது அதற்கப்புறம்தான். தோளிலிருந்து தள்ளாமல் இடுப்பிலிருந்து தள்ளினால் எத்தனை நேரமானாலும் வலிக்காது. சத்தத்தை வைத்தே பொடி தேய்ந்துவிட்டதா, தண்ணீர் போதாதா என்று தெரிந்துவிடும். கரகரவென்று இருந்த சத்தம் குறைந்து, கல்லும் கல்லும் ஒட்டி இழுக்கும்போது நிறுத்திக் கழுவ வேண்டும். கூடப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி பெங்காலியில் ஏதோ சொல்ல, “உன்னை இங்கேயே வச்சுக்கலாமான்னு கேக்கறா” என்றாள் மகள். முக்கால் மணியில் அந்த ஜன்னலும் கயிறும் சாம்பல் நிறக் குழம்பாகக் கரைந்து சாக்கடையில் போயின. துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தேன். குழந்தையின் கன்னம் போல இருந்தது கல்.

“இப்ப இதுல என்ன வரையப் போறே?”

“தெரியலைம்மா. அதைக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் இந்தப் படிப்பு.”

கடைசி நாள் ஹிந்தி பவனத்துக்கு அழைத்துப் போனாள். பினோத் பிஹாரி முகர்ஜி 1946-47ல் மூன்று சுவரின் மேல்பகுதி முழுக்கக் கபீர், சூர்தாஸ் போன்ற மகான்களின் வாழ்க்கையை வரைந்திருக்கிறார். முன்கூட்டிப் பெரிய மாதிரி எதுவும் போட்டுக்கொள்ளாமல், ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் நேரே சுவரில். பிறவியிலேயே பார்வை குறைந்தவர், பத்து வருஷத்தில் அடியோடு கண் போய்விட்டது. அதற்குப் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டியும், மெழுகில் உருவம் செய்தும், 1972ல் ஓடு பதித்த சுவர்ச் சித்திரம் ஒன்றை உருவாக்கியும் வேலை செய்திருக்கிறார். இங்கே அவரிடம் படித்த சத்யஜித் ராய் அவரைப் பற்றிப் படமே எடுத்தார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். எல்லாவற்றிலும் கடுகு எண்ணெய், முதல் இரண்டு நாள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கசகசாவை அரைத்துவிட்டு உருளைக்கிழங்குடன் செய்கிற ‘ஆலு போஸ்தோ’ அருமை. குளிர்காலத்தில் ஈச்ச மரத்துப் புது வெல்லம் வருகிறது. இரண்டு கிலோ வாங்கி வந்தேன். தம்பி ஐந்து நாளும் ரசகுல்லாக் கடையே கதி என்று கிடந்தான்.

புறப்படும்போது மகள் ஒரு படத்தைச் சுருட்டிக் கொடுத்தாள். முதல் படம், ஓரத்தில் பென்சிலால் 3/8 என்று எழுதியிருந்தது. எட்டே எட்டுப் பிரதி, அதில் மூன்றாவது. அந்தக் கல்லையும் தேய்த்தாகிவிட்டது, ஒன்பதாவது வராது. ஜாதகத்தையும் போட்டோவையும் அப்போதுதான் எடுத்துக் காட்டினேன், மறைத்து வைத்துப் போவது சரியில்லை என்று தோன்றியதால். அவள் போட்டோவைப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கார். மே மாசம் டிஸ்ப்ளே முடியட்டும், பேசலாம்னு சொல்லும்மா” என்றாள். அழவில்லை.

ஊருக்கு வந்து திருச்சிக்குப் போன் போட்டேன். “ரெண்டு வருஷம் என்னதான் படிக்குதாம்?” என்று அந்த அம்மா மறுபடி கேட்டார். இந்தத் தடவை எனக்கு வாய் குழறவில்லை. கல்லிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். “வைகாசிக்கப்புறம் பாக்கலாம்னா பையனைக் கேட்டுச் சொல்றேன்” என்றார். இன்னும் பதில் வரவில்லை. இவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தச் சுருளைத் தானே பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா அல்லவா. “கட்டில் கால் ஒண்ணுக்குச் செங்கல் வச்சிருந்தோம், அதைக்கூட விடலை பாரு” என்றார்.

மே மாதக் கண்காட்சிக்கு இரண்டு பேரும் போவதாக இருக்கிறோம். ரயிலில் அறுபது நாள் முன்னால்தான் இடம் போட முடியும் என்பதால் காலண்டரில் தேதியைச் சுழித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை என் ஸ்வெட்டரையும் மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும்.